சைக்கிளும் கூடாரமும்: வாசகர் கேள்வி பதில்

மூட்டை கட்டிய சைக்கிளில், அவசரமில்லாமல், நாலைந்து நாள் கிராமத்துச் சாலைகளில் சுற்றுவது பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படும் கேள்விகள் இவை.

நானும் மனைவியும் நாற்பதைத் தாண்டியவர்கள். தினம் 20 கி.மீ. ஓட்டிப் பழக்கம் உண்டு. லாரித் தொல்லை இல்லாமல், மேடு ஏறாமல், ஐந்தாறு நாள் போய்வர வழி சொல்லுங்களேன்.
*– வாசகர், திருச்சி*

உங்கள் வாசலிலிருந்தே கிளம்பலாம். காவிரியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே கடல் வரை போங்கள். அங்கிருந்து கடலை இடக்கைப் பக்கம் வைத்துத் தெற்கே கோடியக்கரை. வழி நெடுக மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்கள்தான்.

முதல் நாள் கல்லணை வழியாகத் திருவையாறு, சுமார் 50 கி.மீ. இரண்டாம் நாள் கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம், 35 கி.மீ. இந்த நாளை வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம். முதல் நாள் வலி இரண்டாம் நாள்தான் தெரியும். அன்றைக்கு அதிகம் ஓட்டினால் மூன்றாம் நாள் முழங்கால் பேசும். மூன்றாம் நாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், 60 கி.மீ. நான்காம் நாள் தரங்கம்பாடி, காரைக்கால் தாண்டி நாகப்பட்டினம், 55 கி.மீ. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை தரங்கம்பாடிக் கடற்கரையிலேயே இருக்கிறது. மதிய ஓய்வை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம், 50-க்குச் சற்று மேல். ஆறாம் நாள் மூட்டையை அறையில் போட்டுவிட்டு வெறும் சைக்கிளில் கோடியக்கரை போய்த் திரும்புங்கள். சுமையோடு மணிக்கு 14, 15 கி.மீ. போனால் போதும்.

சாலையைத் தேர்ந்தெடுக்க மைல்கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கறுப்பும் ஆரஞ்சும்தான் உங்களுக்கானவை. கல்லணை–பூம்புகார் சாலை மாநிலச் சாலை. திருவையாறு வரை நிம்மதி, கும்பகோணத்துக்குக் கிழக்கே பஸ்கள் விரட்டும். அங்கே ஆற்றுக்கு அக்கரையில் ஓடும் ஊர்ச் சாலைகளுக்கு மாறுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் கூடும், கூடட்டும்.

பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். முதல் மூன்று நாள் அது முகத்தில் அடிக்கும், பூம்புகாரில் தெற்கே திரும்பியதும் முதுகைத் தள்ளும். விடியற்காலையில் காற்று குறைவு. ஆகவே ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடித்துவிடுங்கள். ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை வரும் வாரத்தில் திருவையாற்றில் திண்ணைகூடக் கிடைக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே மாதங்களில் சம்பா அறுவடை. சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், உழவர் மனசும் நோகும். சுற்றிப் போங்கள், இல்லை இறங்கித் தள்ளுங்கள். வைக்கோல் செயினில் சுற்றினால் உடனே நிறுத்திக் கையால் உருவி எடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் போகட்டும் என்று மிதித்தால் கியர் மாற்றும் கை இழுபட்டு ஸ்போக்ஸுக்குள் போய்விடும். பிறகு ஆட்டோதான்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெயிலுக்கு மறைவு குறைவு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் விழுந்த மரங்கள் ஏராளம். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. வேளாங்கண்ணியிலேயே ஆளுக்கு 4 லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப ரயில் வேண்டாம், சைக்கிளிலேயே வருகிறோம் என்றால் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் வாருங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தவர்கள் போன தடம் இது. அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் அறிவிக்க, மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஊருக்கு ஊர் இட்லிக்கடை இருக்கிறது.

அப்பாவின் 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. அதிலேயே போகலாமா? கியர் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?
*– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

டெல்டாவுக்குள் என்றால் தாராளமாக. கனமான கேரியர், செயின் கவர், மட்கார்டு எல்லாம் அதிலேயே உண்டு. வைக்கோல் சாலையில் செயின் கவருக்கு ஈடில்லை. டயர், டியூப், பிரேக் கட்டை எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும். ஏலகிரி, ஏற்காடு என்று ஆசை வந்தால் அதைத் தொடாதீர்கள்.

புறப்பட இரண்டு வாரம் முன்பே முழு ஓவராயில் செய்துவிடுங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், பெடல் நடுவில் இருக்கும் கப், ஹேண்டில் கப் நான்கிலும் பழைய கிரீஸைத் துடைத்து, பால்ஸை மாற்றிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். முதல் நாளே செய்து மறுநாள் கிளம்பக்கூடாது. புதிதாகப் பூட்டியவை 50 கி.மீ. ஓடிய பின் கொஞ்சம் தளரும். அதை மறுபடி இறுக்கிக்கொண்டுதான் பயணம்.

இந்த வண்டியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெடல் கையை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு உதை காலில் தெரிந்தால் பின் தளர்ந்துவிட்டது. நட்டை மட்டும் திருகினால் போதாது. பின்னைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, அப்புறம் நட்டை இறுக்க வேண்டும். தேய்ந்த பின்னோடு தொடர்ந்து மிதித்தால் அச்சே கெடும். மாற்றுப் பின் ஒன்று பையில் இருக்கட்டும். இன்னொன்று, கம்பி பிரேக். குரோம் ரிம் நனைந்தால் பிடிமானம் பாதிக்குமேல் போய்விடும். மழையில் பாலம் இறங்கும் முன்பே லேசாகப் பிரேக்கை உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே வாருங்கள்.

எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். ஒரு நாளில் மூன்று பஞ்சர். கடையில் ஒட்டினாலும் மறுபடி அதே இடத்தில் போகிறது. என்ன செய்வது?
*– வாசகர், இராமநாதபுரம்*

மறுபடி அதே இடத்தில் போகிறது என்றால் முள் இன்னும் டயரிலேயே இருக்கிறது. கருவேல முள் குத்தி ஒடிந்தால் அதன் நுனி ரப்பருக்குள் நின்றுகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்று அடித்து ஆள் ஏறியதும் உள்ளே எட்டிப் பார்க்கும். டியூபைக் கழற்றும்போது டயரைத் திருப்பாமல், வால் (காற்று அடிக்கும் வால்வு) இருந்த இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும், அதே தூரத்தில் டயரை உள்பக்கம் புரட்டி, பஞ்சை உருட்டித் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் முள். வெறும் விரலால் தேடினால் விரல்தான் போகும். வெளியே இழுக்க வராவிட்டால் உள்ளிருந்து குறடால் பிடித்து எடுங்கள்.

வழியில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். மாற்று டியூப் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றிவிட்டுப் போங்கள். ஒட்டும் வேலை சாயங்காலம். உப்புத்தாளால் ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டமாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போய் மங்கும் வரை ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டுகள் உரிகின்றன. சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்தால் நம் வெயிலுக்குச் சில வாரத்தில் கட்டியாகிவிடும், ஒவ்வொரு பயணத்துக்கும் திறக்காத புது டியூப் ஒன்று எடுங்கள்.

ஓட்டையின் இடமே காரணத்தைச் சொல்லும். சாலையைத் தொடும் பக்கம் ஒரே ஓட்டை என்றால் முள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைந்து, குழியில் ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. வாலின் அடியில் கிழிந்தால் ஒட்டவே முடியாது, தூக்கிப்போடுங்கள். 38 மி.மீ. டயருக்கு, 75 கிலோ ஆளும் 10 கிலோ மூட்டையும் என்றால் காற்றழுத்தம் பின்னால் 55 முதல் 60 பி.எஸ்.ஐ., முன்னால் 45.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் நாடா கருவேலத்துக்கு ஓரளவு தடை. அதன் முனைகளை உப்புத்தாளால் மழுக்காவிட்டால் அந்த முனையே டியூபை அறுத்துவிடும். சீலன்ட் (டியூபுக்குள் ஊற்றும், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) நெருஞ்சி முள்ளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது ஊற்றிய டியூபைக் கழுவித் துடைக்காமல் ஒட்டு பிடிக்காது.

மெல்லிய பிரெஸ்டா வால் உள்ள சைக்கிள் என்றால், பத்து இருபது ரூபாய் பித்தளை அடாப்டரை வாலிலேயே திருகி வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் கிராமத்துக் கடையில் கம்ப்ரஸர் இருந்தும் காற்று ஏறாது.

இன்னொன்று: நிழல் என்று சீமைக்கருவேலத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நாங்கள் மூன்று தோழிகள். இரவில் கூடாரம் எங்கே போடுவது, யாரிடம் கேட்பது என்பதுதான் பயம்.
*– வாசகி, மன்னார்குடி*

யாருமில்லாத இடம்தான் பாதுகாப்பு என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஊரில் நேர்மாறு. நாலு பேர் கண்ணில் படும் இடம்தான் நல்ல இடம்.

நேரம் முக்கியம். ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. நாலரைக்கே மிதிப்பதை நிறுத்தி ஒரு டீக்கடையில் உட்காருங்கள். கடையில் அல்லது பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு அம்மா இருந்தால் அவரிடமே கேளுங்கள்: ‘அக்கா, திருச்சியிலேர்ந்து சைக்கிள்ல வர்றோம், கோடியக்கரை போறோம். கூடாரம் எங்ககிட்டயே இருக்கு. ராத்திரி மட்டும் தங்க கோயில் மண்டபம், இல்ல யார் வீட்டுக் கொல்லையாவது கிடைக்குமா? காலையில அஞ்சரைக்குக் கிளம்பிடுவோம்.’ எங்கிருந்து, எங்கே, எத்தனை மணி வரை என்ற மூன்றும் அந்தப் பேச்சிலேயே வந்துவிட வேண்டும். கேட்பவர் மனதில் ஓடும் கேள்விகள் அவைதான். பெரும்பாலும் அவர் யாரையாவது கூப்பிடுவார். வருபவர் ஊராட்சித் தலைவராகவோ கோயில் பார்ப்பவராகவோ இருப்பார். ஆதார் நகல் ஒன்றை அவரே கேட்கும் முன் நீட்டிவிடுங்கள், பேச்சு சுருங்கும்.

கோயில் மண்டபம், தேவாலய வளாகம், தர்கா, இரவெல்லாம் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் இவை நாலும் நல்லவை. பங்க்கில் வெளிச்சமும் கழிப்பறையும் உண்டு, தூக்கம் கொஞ்சம் கெடும். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. தானே நிற்கும் வகைக் கூடாரம் வாங்குங்கள். மூலைக் கயிறுகளைத் தண்ணீர் கேனிலோ செங்கல்லிலோ கட்டலாம்.

போடக்கூடாத இடங்கள்: தென்னையடி (மட்டையும் காயும் விழும்), காய்ந்த வாய்க்கால், ஆற்று மணல் (மேலே எப்போது திறந்துவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது), நெல் களம் (இரவிலும் டிராக்டர் வரும்), ஊருக்கு வெளியே ஆற்றங்கரை (சாயங்காலத்துக்கு மேல் குடிப்பவர்கள் கூடுமிடம்). நாகைக்குத் தெற்கே கடற்கரை மணலில் கூடாரம் போட்டால் கடலோரக் காவல் போலீசார் எழுப்பி விசாரிப்பார்கள். அவர்கள் வேலை அது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். உள்ளே கூடாரத்துக்கு இடமில்லை. வேதாரண்யத்தில் அறை எடுத்து, பகலில் கட்டணம் செலுத்திப் பார்த்து வாருங்கள். மற்ற காப்புக்காடுகளிலும் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம்.

ஐந்து இரவில் இரண்டு இரவு லாட்ஜில் தங்குவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. துணி துவைக்கவும் போன் சார்ஜ் போடவும் அது வேண்டும்.

பாம்பு?
*– வாசகர், திருவாரூர்*

ஒரே சொல்லில் கேட்டிருக்கிறீர்கள், நியாயமான சொல். அறுவடைக் காலத்தில் எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வயலோரம் இருக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவரின் படுக்கைக்கே வரும். அது கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. ஆகவே தரையும் வலையும் ஒன்றாகத் தைத்த, ஜிப் முழுதும் மூடும் கூடாரம் வேண்டும். தொங்கும் கொசுவலை மட்டும் போதாது. ஜிப்பை ஒரு நிமிடம்கூடத் திறந்து போடாதீர்கள். ஷூ கூடாரத்துக்குள் இருக்கட்டும். இரவில் வெளியே போக டார்ச்சும் செருப்பும் கட்டாயம். வைக்கோல் போருக்கும் விறகு அடுக்குக்கும் பக்கத்தில் படுக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து ஆடாமல் கட்டி, நடக்கவிடாமல், 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். விடிகாலையில் ஒருவருக்குக் காரணமில்லாமல் வயிற்று வலி, கண் இமை தொங்கல் என்றால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் அதே அவசரம்தான்.

புதுக் கூடாரம். மழையே இல்லை, காலையில் உள்ளே சொட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*– வாசகர், பட்டுக்கோட்டை*

இல்லை, அது உங்கள் மூச்சு. மார்கழி, தை மாதத்தில் வெளித்துணி பனியில் குளிர்ந்துவிடும். இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம் அதில் பட்டு நீராகிறது. வெளித்துணியை இழுத்துக் கட்டி, உள்வலையைத் தொடாமல் நிற்கச் செய்யுங்கள். மேலே இருக்கும் காற்றுத் துளைகளைத் திறந்துவையுங்கள். மண்டபத்துக்குள் படுக்கும்போது வெளித்துணியே வேண்டாம். ஈரத்தோடு சுருட்டியதை மதிய ஓய்வில் அரை மணி விரித்துக் காயவிடாவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத் தரையைவிட ஒரு சாண் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழை நீரை அதுவே வாங்கி அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

அடுப்பு எடுத்துப் போகலாமா?
*– வாசகி, கரூர்*

டெல்டாவுக்குத் தேவையில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. ஆசைக்கு என்றால் 220 கிராம் பியூட்டேன் கேன் அடுப்பு; கேனை நகரத்திலேயே வாங்கிவிட வேண்டும், வழியில் கிடைக்காது. ரயிலில் கொண்டுபோகக் கூடாது. கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது.

பின் சக்கரத்தில் மட்டும் ஸ்போக்ஸ் கம்பி ஒடிந்துகொண்டே இருக்கிறது. கியர் சைக்கிள். மூட்டை 18 கிலோ.
*– வாசகர், சேலம்*

ஆளின் எடையிலும் பெரும்பங்கு பின்னால், மூட்டை முழுக்கப் பின்னால். கம்பிகள் தொய்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு, விட்டு, இழுபட்டு, வளைவில் உலோகம் சோர்ந்து ஒடிகிறது. ஒடிந்த கம்பியை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் பக்கத்துக் கம்பி ஒடியும். அனுபவமுள்ள கைகளில் சக்கரத்தைக் கொடுத்து, எல்லாக் கம்பியையும் சமமாக இறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஒடிந்துவிட்டது என்றால் அந்தப் பக்கம் முழுதும் புதுக் கம்பி போடுவதே மலிவு.

மூட்டையை 12 கிலோவுக்குள் கொண்டுவாருங்கள். கூடாரம் இரண்டரை கிலோ, படுக்கையும் போர்வையும் ஒன்றரை, துணி இரண்டு செட் ஒன்றரை, கருவியும் டியூபும் ஒன்றரை, மருந்தும் சில்லறையும் ஒன்று. தண்ணீரோடு சேர்த்தே 12 வரும். மூன்றாவது செட் துணியும் ஜீன்ஸும் வீட்டிலேயே கிடக்கட்டும். கனமானவை பக்கப் பைகளில் அடியில், ஆக்ஸிலுக்கு நேராக. கேரியர் மேல் உயரமாகக் கட்டினால் வண்டி வாலை ஆட்டும். கேரியர் போல்ட்கள் குலுங்கிக் கழன்று விழும், தினம் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கம்பி வழியில் ஒடிந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். ரிம் எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும். ஒடிந்ததற்கு இருபுறமும் உள்ள எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினால் பிரேக்கில் உரசாமல் அடுத்த ஊர் வரை ஓடும். செயின் பக்கக் கம்பியை மாற்ற ஃப்ரீவீலை (பின் சக்கரத்துப் பல்சக்கரம்) கழற்ற வேண்டும். அதன் கழற்றி வண்டிக்கு வண்டி வேறு. உங்களுடையதற்குப் பொருந்துவது பையில் இருந்தால், பெரிய ஸ்பானர் கிராமத்துக் கடையில் கிடைத்துவிடும்.

உட்காரும் இடத்தில் வலி, விரல் மரத்துப்போகிறது.
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழே வரும்போது முழங்கால் நேராக வேண்டும். அதைவிட உயரம் என்றால் இடுப்பு ஆடி உரசும். பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக்கூடாது, தையல்தான் அறுக்கிறது. மெத்தென்ற ஜெல் உறை அரை மணிக்குச் சுகம், நாலு மணிக்கு நரகம். விரல் மரத்தால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முழுக்கக் கையில் விழும்.

வேதாரண்யத்திலிருந்து சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?
*– வாசகர், சென்னை*

அகஸ்தியன்பள்ளி–திருத்துறைப்பூண்டி பாதையில் ஓடும் சிறு ரயிலை நம்ப வேண்டாம், பார்சல் பெட்டி உள்ள ரயில்தான் சைக்கிளுக்கு. நாகப்பட்டினம் அல்லது திருவாரூர் போய், ரயில் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே பார்சல் அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். பெயர், போன் எண், ஏறும் ஊர், இறங்கும் ஊர் எழுதிய அட்டைகளை முன்னும் பின்னும் கட்டுங்கள். பம்ப், விளக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிலையம் வரை பதிவு செய்வது நல்லது. இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் ஊரில் நீங்கள் இறங்குவீர்கள், சைக்கிள் இறங்காது.

நாய் துரத்தினால்?
*– வாசகி, சீர்காழி*

வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதட்டிவிட்டு மெல்லத் தள்ளிக்கொண்டு நடங்கள். அதன் எல்லை தாண்டியதும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. பயணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.